கடைச் சுவர்ல ஒட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கு. தொழிலாளர் சட்ட போஸ்டர் எது எது வேணும்?

மீனா_இர்விங்:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ் இர்விங்ல நாலு மாசம் முன்னாடி நானும் வீட்டுக்காரரும் ஒரு டிஃபன் கடையைக் கைமாத்தி வாங்கினோம். காலைல இட்லி, பொங்கல், சாயங்காலம் பரோட்டா. எங்க ரெண்டு பேரைச் சேர்க்காம ஒன்பது பேர் வேலை பார்க்கறாங்க. அடுப்பில ரெண்டு மாஸ்டர், ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்க, தமிழ் மட்டும்தான் படிப்பாங்க. காய் வெட்ட, பாத்திரம் கழுவ மூணு பேர், மூணு பேருக்கும் ஸ்பானிஷ்தான். கவுன்டர்ல மூணு பேர், டெலிவரிக்கு ஒருத்தர்.

போன வெள்ளிக்கிழமை தபால்ல ஒரு கவர். மேல கழுகுப் படம், சிவப்பு எழுத்துல "ஃபைனல் நோட்டீஸ்", கீழ பார்கோடு. "உங்கள் நிறுவனத்தில் கட்டாய போஸ்டர்கள் இருப்பது உறுதி செய்யப்படவில்லை, பத்து நாளுக்குள் 119 டாலர் அனுப்பவும், தவறினால் 16,550 டாலர் வரை அபராதம்"ன்னு இருக்கு. பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. வீட்டுக்காரர் செக் எழுத உட்கார்ந்துட்டார். நான்தான் ஒரு நாள் பொறுங்கன்னு சொல்லி இங்க வந்தேன்.

இன்னொரு விஷயம். ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பின்னாடி பழைய ஓனர் ஒட்டின பெரிய லேமினேட் போர்டு ஒண்ணு இருக்கு. மூட்டையை நகர்த்திப் பார்த்தேன். குறைந்தபட்ச கூலி 5.85, அதுக்குக் கீழ 6.55, அதுக்குக் கீழ 7.25ன்னு மூணு வரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி. பக்கத்துல இன்னும் நாலஞ்சு தாள் மஞ்சளா இருக்கு. அதுவே போதுமா? இல்ல 119 டாலர் கட்டித்தான் ஆகணுமா? நம்ம கடை வாட்ஸ்அப் குரூப்ல படம் எடுத்துப் போட்டுட்டா ஆகாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_மோட்டல்காரன்:

தங்கச்சி, முதல்ல அந்த செக் புக்கை மூடி வைக்கச் சொல்லுங்க.

அந்தக் கவரைத் திருப்பி, அடியில பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க. "நாங்கள் அரசு நிறுவனம் அல்ல"ன்னு எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி இருந்தாலும் இருக்கும், இல்லாம இருந்தாலும் இருக்கும். எப்படி இருந்தாலும் அது போஸ்டர் விக்கிறவன் கடிதம். கழுகு யார் வேணா போடலாம். தொழிலாளர் துறை போஸ்டருக்குக் காசு கேட்டுக் கடிதம் போடாது. ஃபெடரல் போஸ்டர் அத்தனையும் டிபார்ட்மென்ட் ஆஃப் லேபர் தளத்துல சும்மா இறக்கிக்கலாம், மாநில போஸ்டர் டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன் தளத்துல. எல்லாத்தையும் ஒரே தாள்ல அடிச்சு விக்கிற கம்பெனிங்க இருக்காங்க, வாங்குறது குத்தமில்ல, சிலருக்கு வசதி. மிரட்டி விக்கிறவன்கிட்ட வாங்காதீங்க, அவ்வளவுதான்.

நான் ஐ-35 ஹைவே ஓரமா இருபத்திரெண்டு வருஷம் மோட்டல் வச்சிருந்தவன். இந்தக் கவருக்கு மூணு வருஷம் தொடர்ந்து பணம் அனுப்பின புண்ணியவான். நாலாவது வருஷம் என் மக படிச்சுட்டு சிரிச்சா. அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

16,550ங்கிற எண்ணை அவன் சும்மா எடுத்து விடல. ஓஷான்னு வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கற அரசு அமைப்பு ஒண்ணு, அதோட போஸ்டரை ஒட்டாததுக்கு 2025 கணக்குல அதுதான் உச்சவரம்பு. சின்ன இடங்களுக்கு நல்லாவே குறைப்பாங்க. ஆனா கடிதத்துல உச்சத்தை மட்டும்தானே போடுவான்!

சரி, எங்க ஒட்டறதுங்கறதுக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, நான் அடி வாங்கின இடம் இது. நான் எல்லா போஸ்டரையும் அழகா ஃபிரேம் போட்டு, ஃப்ரண்ட் ஆபீஸ்ல என் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டி வச்சிருந்தேன். ஒரு நாள் தொழிலாளர் துறைல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நேரா லாண்டரி ரூமுக்குப் போனாங்க. துணி மடிச்சுக்கிட்டு இருந்த பொண்ணுகிட்ட "இங்க போஸ்டர் எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. அது திருதிருன்னு முழிச்சது. ஆறு வருஷமா வேலை பார்க்குது, ஆபீஸுக்குள்ள ஒரு தடவை கூட அது வந்ததில்ல, சம்பளக் கவரை நான்தான் லாண்டரிக்குக் கொண்டு போய்க் குடுப்பேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. அபராதம் போடல. "வேலை செய்யறவங்க சுலபமா படிக்கிற இடம்னுதான் சட்டத்துல இருக்கு, ஓனர் முதுகுக்குப் பின்னாடின்னு இல்ல"ன்னாங்க. மறுநாளே அத்தனையும் லாண்டரிக்குப் போச்சு, ஐஸ் மெஷின் பக்கத்துல.

அதனால உங்க அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் கணக்குல சேராது. வர்ற நேரம், போற நேரம் பதியற இடம், அதாவது டைம் கிளாக் பக்கம், இல்லன்னா ஆளுங்க ஏப்ரன் மாட்டற இடத்துல ஒட்டுங்க. கஸ்டமருக்குத் தெரியணும்னு அவசியமில்ல.

---

கணக்குப்பிள்ளை:

மீனா மேடம், நான் இங்க சின்ன கடைகளுக்கு பேரோல், அதாவது சம்பளக் கணக்கு பார்க்கிறவன். அண்ணன் கடிதத்தைப் பத்திச் சரியாச் சொல்லிட்டார். எது எது வேணும்னு நான் சொல்றேன்.

உங்களுக்கு ஒன்பது பேர். அதை வச்சுத்தான் எல்லாமே. ஆளு எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும் வேணும்கிற ஃபெடரல் தாள் நாலு. எஃப்.எல்.எஸ்.ஏ.ன்னு சொல்ற குறைந்தபட்ச கூலி போஸ்டர், ஓஷாவோட பாதுகாப்பு போஸ்டர், பொய் கண்டுபிடிக்கிற மெஷின் பத்தின பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்ட போஸ்டர், அப்புறம் ராணுவச் சேவைக்குப் போய்ட்டு வர்றவங்க வேலை உரிமை பத்தின யூஸெரா அறிவிப்பு. யூஸெரா ஒண்ணை மட்டும் ஒட்டாம ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்தாலும், மெயில்ல அனுப்பினாலும் சட்டத்துக்குச் சரி. எதுக்கு வம்பு, சேர்த்து ஒட்டிடுங்க.

குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா. உங்களுக்கு இல்ல. பாகுபாடு பத்தின ஈஈஓசி போஸ்டர் 15 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா. தீபாவளி ஆர்டருக்கு ரெண்டு வாரம் ஏழெட்டு பேரைக் கூடுதலா சேர்த்தா 15 தாண்டிடுமேன்னு பயப்படாதீங்க, வருஷத்துல 20 வாரமாவது அந்த எண்ணிக்கை இருக்கணும். ஓஷாவோட காயக் கணக்கை பிப்ரவரி 1ல இருந்து ஏப்ரல் 30 வரை ஒட்டணும்னு யாராவது சொன்னா, அது பத்து பேருக்கு மேல இருக்கற இடங்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. யூனியன் உரிமை போஸ்டர்னு ஒண்ணு 2011ல கொண்டு வந்தாங்க, கோர்ட்ல 2013ல அடிபட்டுப் போச்சு. அதையும் ஒருத்தன் விக்கிறான்.

போர்டுல மூணு வரி இருக்குன்னு சொன்னீங்கள்ல, அது 2007ல வந்த போஸ்டர். அப்போ கூலியை ஜூலை 24, 2007, அடுத்த வருஷம் அதே தேதி, அதுக்கடுத்த வருஷம் அதே தேதின்னு மூணு படியா ஏத்தினாங்க. மூணாவது படி 7.25, 2009ல வந்தது, இன்னும் அங்கேயே நிக்குது. டெக்சாஸுக்கும் அதே 7.25தான். எண் மாறலையேன்னு பழசையே வச்சுக்கக் கூடாது. பால் குடுக்கற தாய்மார் பம்ப் பண்ண நேரமும் இடமும் குடுக்கணும்கிறது பிற்பாடு வந்துச்சு, இப்போ செல்லுபடியாகற போஸ்டர் 2023 ஏப்ரல்ல வந்தது. ஓஷா போஸ்டருக்கு மட்டும் இந்தக் கெடுபிடி இல்ல. அதோட பழைய பதிப்பு இருந்தா அதையே வச்சுக்கலாம். புதுசா அச்செடுத்தா எட்டரைக்குப் பதினாலு அங்குலத் தாள்ல எடுங்க, சாதாரண லெட்டர் தாள்ல சுருக்கிடாதீங்க.

டெக்சாஸுக்கு மூணு. சம்பள நாளைப் பத்தின பேடே சட்டமும் வேலையில்லாதோர் காப்பீடும் சேர்ந்த தாள் ஒண்ணு. அதோட சம்பள தேதியை நீங்களே எழுதி ஒட்டணும். தேதி குறிக்கலன்னா ஒண்ணாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும்தான் சம்பள நாள்னு சட்டமே குறிச்சுடும். ரெண்டாவது, பணியிட வன்முறையை எங்க புகார் பண்ணலாம்னு சொல்ற தாள், 2023ல சட்டமானது, இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் ரெண்டு பிரதி. மூணாவது வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலைல அடிபட்டா உதவற காப்பீடு பத்தின தாள். இதுதான் எனக்குக் கவலை. உங்க மஞ்சத் தாள்கள்ல "நோட்டீஸ் 6"ன்னு ஒண்ணு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.

வாட்ஸ்அப் விஷயம். 2020 டிசம்பர்ல தொழிலாளர் துறை இதுக்கு விளக்கமே குடுத்தாச்சு. எல்லா ஆளும் வீட்டுல இருந்தே வேலை பார்த்து, தகவல் எல்லாம் வழக்கமாவே கம்ப்யூட்டர்ல போய், எப்ப வேணா எடுத்துப் பார்க்க வழி இருந்தாத்தான் சுவரை விட்டுடலாம். பரோட்டா மாஸ்டர் வீட்டுல இருந்து வேலை பார்க்கற காலம் வந்தா சொல்லுங்க.

---

கரண்டி:

அக்கா, நான் அடுப்படி ஆளு. ஓனருங்க பேசற இடத்துல பேசலாமான்னு தெரியல, ஆனா இதுல எனக்கும் ஒரு கதை இருக்கு.

நான் முன்னாடி ஹூஸ்டன் பக்கம் ஒரு ஓட்டல்ல இருந்தேன். பேர் வேணாம். மாசச் சம்பளம்னு ஒரு தொகை பேசிக் கூட்டிட்டு வந்தாங்க. காலைல ஒன்பதுக்கு ஏறுனா ராத்திரி பதினொண்ணு. வாரத்துக்கு அறுபத்தஞ்சு மணி நேரம், சில வாரம் எழுபது. சம்பளம் பேசிட்டா பேசினதுதான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன், ஊர்ல அப்படித்தானே. ஒண்ணே முக்கால் வருஷம் கழிச்சு ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போட மொதலாளி ரூமுக்குக் கூப்பிட்டாரு. அவர் போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு, நான் நின்னுக்கிட்டு சுவரைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். "40"ன்னு ஒரு நம்பரு, "1½"ன்னு ஒரு நம்பரு. இது என்னத்துக்குன்னு தெரியல. போனை எடுத்துப் படம் புடிச்சுக்கிட்டேன். ரூமுக்குப் போய் கூட தங்கியிருந்த பையன்கிட்ட காட்டுனேன். அவன்தான் சொன்னான், வாரத்துக்கு நாப்பது மணிக்கு மேல செஞ்சா ஒன்றரை மடங்கு கூலின்னு.

அந்தப் படத்துல அடியில ஒரு நம்பர் இருந்துச்சு, 1-866-487-9243. பத்து நாள் யோசிச்சேன். விசா, கடன், எல்லாம் இருக்கே. அப்புறம் அடிச்சேன். தமிழ்னு சொன்னேன், ஆளை லைன்ல சேர்த்தாங்க. அந்தக் குரல் மதுரைப் பக்கம் மாதிரி இருந்துச்சு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. விசா எப்படி இருந்தாலும் செஞ்ச வேலைக்குக் கூலி கூலிதான்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் வரைக்கும் பின்னாடி போய்க் கேக்கலாமாம். அதுக்கு மேல ஆனது போனதுதான், வேணும்னே ஏமாத்துனதா இருந்தா மூணு வருஷம். பதினோரு மாசம் ஆச்சு. செக் வந்துச்சு. தங்கச்சி கல்யாணக் கடன்ல பாதி அதுல தீர்ந்துச்சு.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்தத் தாளு சமையல் கட்டுல இருந்திருந்தா மொத வாரமே பார்த்திருப்பேன். அது ஒட்டித்தான் இருந்துச்சு. நான் போகாத ரூம்ல.

உங்க மாஸ்டருங்க தமிழ் மட்டும் படிப்பாங்கன்னு சொன்னீங்க. ஒரு தாள்ல ரெண்டு வரி தமிழ்ல எழுதி ஒட்டுங்கக்கா. கையெழுத்து நல்லா இல்லாட்டியும் பரவால்ல.

---

கணக்குப்பிள்ளை:

கரண்டி சார், இங்க தாராளமா பேசுங்க. ஒரு விஷயம் சேர்க்கறேன், ஓனருங்க கவனிக்கணும். கூலி போஸ்டரை ஒட்டாததுக்குன்னு தனி அபராதம் கிடையாது, அதனால சிலர் அலட்சியமா இருப்பாங்க. ஆனா தாள் கண்ணுல படாததால எனக்கு உரிமையே தெரியலன்னு ஆளு சொல்லி, அதை நீதிபதி ஏத்துக்கிட்டு, காலக்கெடுவைத் தள்ளி வச்ச வழக்குகள் உண்டு. அப்போ அந்த ரெண்டு வருஷக் கணக்கு ஓனருக்குத் துணைக்கு வராது.

---

மீனா_இர்விங்:

நேத்து ராத்திரி கடை மூடினதும் மூட்டையெல்லாம் நகர்த்தி, ஒவ்வொரு தாளா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கவருக்கு அடியிலயும் பார்த்தேன், அண்ணா சொன்ன எறும்பு எழுத்து இருக்கு. வீட்டுக்காரர் செக்கைக் கிழிச்சுட்டார்.

"நோட்டீஸ் 6" இருக்கு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் பாலிசி தேதியும் பேனாவுல எழுதியிருக்கு. கையில கீயில அடிபட்டா இன்சூரன்ஸ் இருக்குன்னு அர்த்தம்தானே? ஆனா நாங்க அந்த மாதிரி எதுவும் வாங்கலையே. கடை வாங்கறப்ப அவர் பாலிசி கூடவே வந்துடும்னு நெனைச்சேன்.

இன்னொண்ணும் கேட்டுடறேன். அண்ணன் பையன் ஒருத்தன் எங்க வீட்டுல தங்கிப் படிக்கிறான், பதினஞ்சு வயசு. ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலம் அஞ்சு மணியிலேருந்து ஒன்பது, ஒன்பதரை வரை பாத்திரம் கழுவ, பரோட்டாக் கல்லுகிட்ட உதவிக்கு நிப்பான். கைச்செலவுக்கு ஏதாவது குடுப்போம். சொந்தப் பையன்தானேன்னு ஆளு கணக்குலயே நான் சேர்க்கல. புது கூலி போஸ்டரை இறக்கிப் படிச்சா சின்னப் பசங்க பத்தி ஒரு பத்தி இருக்கு. பகீர்ன்னுச்சு.

அப்புறம் சும்மா ஒரு சந்தேகம், டிஃபன் கடைல பொய் கண்டுபிடிக்கிற மெஷின் பத்தி எதுக்கு ஒரு போஸ்டர்?

---

கணக்குப்பிள்ளை:

நினைச்சேன். மேடம், போஸ்டர் இல்லாததை விட மோசம் பொய்யான போஸ்டர். அந்த நோட்டீஸ் 6ஐ இன்னைக்கே கழட்டுங்க. பழைய ஓனரோட பாலிசி அவரோடயே போச்சு.

டெக்சாஸ்ல தனியார் கடைக்காரர் வொர்க்கர்ஸ் காம்ப் வாங்கித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல. வாங்கலன்னா "எங்களிடம் இந்தக் காப்பீடு இல்லை"ன்னு சொல்ற நோட்டீஸ் 5 ஒட்டணும். புதுசா சேர்ற ஆளுக்கு எழுத்துல தனியாவும் குடுக்கணும். காப்பீடு இல்லன்னு மாநிலத்துக்குச் சொல்ல டி.டபிள்யூ.சி. 005ன்னு ஒரு படிவம், வருஷா வருஷம் பிப்ரவரி 1ல இருந்து ஏப்ரல் 30க்குள்ள. உங்க கடை கைமாறினதால இப்பவே ஒண்ணு போட்டுடுங்க.

வாங்கலைங்கறதுக்கு விலை உண்டு. மாஸ்டர் கையில எண்ணெய் கொட்டி அவர் கேஸ் போட்டார்னு வைங்க. "அவர் கவனக்குறைவும் சேர்ந்துதான் நடந்துச்சு", "பக்கத்துல நின்னவன் தள்ளிட்டான்", "அடுப்பு வேலைன்னா சுடும்னு தெரிஞ்சுதானே சேர்ந்தார்" இந்த மூணு வாதத்துல ஒண்ணையும் நீங்க கோர்ட்ல வைக்க முடியாது. காப்பீடு இருந்தா பெரும்பாலும் கேஸே வராது. யோசிச்சு முடிவு பண்ணுங்க.

இந்த நோட்டீஸ்ல ஒரு விசேஷம். இங்கிலீஷ், ஸ்பானிஷ், அதோட உங்க ஆளுங்க மத்தியில புழங்கற வேற மொழி இருந்தா அதுலயும் ஒட்டணும்னு டெக்சாஸ் விதியே சொல்லுது. ஒன்பதுல ரெண்டு பேர் தமிழ் மட்டும் படிக்கிறவங்க. அதனால கரண்டி சொன்ன தமிழ்த் தாளு, இந்த ஒண்ணைப் பொறுத்தவரை, நல்ல மனசுக்காக இல்ல, விதிக்காகவே எழுதணும். தமிழ்ல அச்சடிச்ச நோட்டீஸை நான் பார்த்ததில்ல, நீங்கதான் எழுதணும்.

அண்ணன் பையன் விஷயம். பெத்தவங்களே முழு ஓனரா இருக்கற கடையில அவங்க பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு இல்ல. பெத்தவங்க இடத்துல இருந்து வளர்க்கறவங்களுக்கும் அது பொருந்தும்தான், ஆனா அவன் அப்பா அம்மா ஊர்ல நல்லா இருக்காங்க, படிக்கத்தான் உங்க வீட்டுல தங்கியிருக்கான்னா அதை நம்பி இருக்காதீங்க. 14, 15 வயசுக்கு ஸ்கூல் நாள்ல மூணு மணி நேரம், ஸ்கூல் வாரத்துல மொத்தம் 18 மணி நேரம், ராத்திரி ஏழு மணிக்கு மேல கூடாது. ஜூன் 1ல இருந்து செப்டம்பர்ல வர்ற லேபர் டே வரை மட்டும் ஒன்பது மணி. பாத்திரம் கழுவலாம். தீ எரியற அடுப்புகிட்ட நிக்கக் கூடாது. பரோட்டாக் கல்லுக்குக் கீழ தீ வெளிய தெரியறதுதானே? அங்கிருந்து இன்னைக்கே எடுத்துடுங்க. கைச்செலவுன்னு குடுக்கறது கூலி ஆகாது, அவனும் பேரோல்ல வரணும். ஆக, உங்களுக்கு ஒன்பது இல்ல, பத்து பேர்.

---

பழைய_மோட்டல்காரன்:

பொய் மெஷின் கேள்விக்கு நான் பதில் சொல்றேன், இந்த போஸ்டர் எனக்கே உதவினது.

1988ல வந்த சட்டம் அது. அதுக்கு முன்னாடி இந்த நாட்டுல கடை, குடோன், பேங்க்னு பல இடத்துலயும் வேலைக்குச் சேர்றவனை உட்கார வச்சு ஒயரைச் சுத்தி "முன்னாடி வேலை பார்த்த இடத்துல திருடினியா?"ன்னு கேக்கற பழக்கம் இருந்திருக்கு. இப்போ பெரும்பாலான தனியார் ஓனர் அப்படிச் சோதனைக்கு வான்னு கேக்கவே கூடாது. திருட்டு விசாரணைக்கு ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கு, அதுக்கு நிபந்தனை ஏராளம்.

ஒரு தடவை எங்க கல்லாவுல 300 டாலர் குறைஞ்சுது. நைட் டெஸ்க் பையன் மேல எனக்குச் சந்தேகம். கூட்டாளி ஒருத்தர் "எனக்குத் தெரிஞ்ச ஆள் மெஷின் வச்சிருக்கான், நூறு டாலர் குடுத்தா சோதிச்சுடுவான்"ன்னார். நானும் சரின்னுட்டேன். மத்தியானம் ஐஸ் எடுக்க லாண்டரிக்குப் போனேன், கண்ணுக்கு நேரா அந்த போஸ்டர். நானே மாட்டினது, நானே படிச்சதில்ல! வாளியைக் கீழ வச்சுட்டு நின்னு படிச்சேன். கூட்டாளிக்குப் போன் பண்ணி வேணாம்னுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பணம், வெண்டிங் மெஷின்காரனுக்கு என் சம்சாரம் குடுத்துட்டு எழுத மறந்ததுன்னு தெரிஞ்சது. பையன் அப்புறம் ஒன்பது வருஷம் என்கிட்ட இருந்தான்.

---

கரண்டி:

அக்கா, கேக்கணும்னு இருந்தேன். கவுன்டர்ல டிப்ஸ் டப்பா இருக்கா? அது யார் கைக்குப் போகுது?

---

மீனா_இர்விங்:

கரண்டி தம்பி, நீங்க கேட்டதும் நான் ரெண்டு நாள் பதில் போடல. காரணம் இருக்கு. டப்பா இருக்கு. ராத்திரி அதைக் கொட்டி எண்ணி, பாதியை கவுன்டர் புள்ளைங்களுக்குக் குடுப்பேன். மீதியில கொத்தமல்லி தீர்ந்துச்சுன்னா வாங்குவேன், சில்லறை இல்லன்னா எடுப்பேன். திருடறோம்னு தோணல, எல்லாம் கடைக்குத்தானேன்னு இருந்தேன். ஓனரோ மேனேஜரோ டிப்ஸ்ல கை வைக்கக் கூடாதுன்னு 2018ல சட்டத்துலயே எழுதிட்டாங்கன்னு கணக்குப்பிள்ளை சார் தனியா மெசேஜ்ல சொன்னார். நாலு மாசத்துக்கு நான் எடுத்தது எவ்வளவுன்னு தோராயமா கூட்டிப் பார்த்தேன், கூச்சமா இருந்துச்சு. கூடவே வச்சுக் குடுத்துட்டேன். இப்போ டப்பாவை அவங்களே எண்ணி நோட்டுல எழுதிக்கறாங்க.

சுவர் வேலை முடிஞ்சது. வாக்-இன் கூலர் கதவுக்கும் டைம் கிளாக்குக்கும் நடுவுல ஒரு கார்க் போர்டு. தாள் எல்லாம் லைப்ரரில பிரிண்ட் எடுத்தேன், மொத்தச் செலவு போர்டோட சேர்த்து 31 டாலர். நாலு ஃபெடரல், பேடே தாள், பக்கத்துல "ஒவ்வொரு மாசமும் 5, 20"ன்னு பெருசா எழுதினது, வன்முறைத் தாள் ரெண்டு மொழியில, நோட்டீஸ் 5 ரெண்டு மொழியில. அண்ணன் பையனுக்கு ஆறரை மணிக்கு அலாரம் வச்சிருக்கோம். பரோட்டாக் கல்லுகிட்ட போக முடியலன்னு அவனுக்கு என் மேல கோவம்.

நோட்டீஸ் 5ஐத் தமிழ்ல எழுதறதுதான் கஷ்டமா போச்சு. "காப்பீட்டு ஏற்பாட்டின் கீழ் வராத நிறுவனம்"னு ஆரம்பிச்சு என்னவோ எழுதி ஒட்டினேன். பெரிய மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். "இது என்னம்மா, பத்திரம் மாதிரி இருக்கு, என்ன சொல்ல வர்றீங்க?"ன்னார். வேலைல அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவுக்கு நம்ம கடைல இன்சூரன்ஸ் இல்லைங்கறதைத்தான் எழுதியிருக்கேன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. கையைத் திருப்பிக் காட்டினார், முழங்கைக்குக் கீழ பழைய சூட்டுத் தழும்பு, சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப ஆனதாம். "அப்போ இதையே எழுதுங்களேன், புரியும்"ன்னார். பேனாவை வாங்கி, "காப்பீட்டு"ல நான் விட்டிருந்த ஒற்றெழுத்தையும் போட்டுக் குடுத்தார்.

அவர் கேக்காம விட்ட கேள்வி ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. காலைல ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணினேன். பேரோல் தொகையை வச்சுத்தான் பிரீமியம் சொல்வாங்களாம், கணக்கெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கார். வியாழக்கிழமை வர்றார். பாலிசி எடுத்தா மறுபடி நோட்டீஸ் 6, தமிழ்த் தாளையும் மாத்தி எழுதணும். பரவால்ல, பிழை திருத்த கடைல ஆள் இருக்கார்.

---

கணக்குப்பிள்ளை:

வியாழக்கிழமைக்கு முன்னாடி பையனை பேரோல்ல சேர்த்துட்டு எண்ணிக்கையை அனுப்புங்க மேடம். ஏஜென்ட்கிட்ட ஒன்பதுன்னு சொல்லிடாதீங்க.